வயலினும் தப்பும்: கொன்சேர்ட்டோ வடிவம் பற்றி ஒரு குறிப்பு

கொன்சேர்ட்டோ என்பது தனிவாத்தியமொன்றும் பெரும் வாத்தியக்குழுவும் எதிரெதிர் நின்று உரையாடும் மேலைத்தேய இசைவடிவமாகும். அவ்வுரையாடலின் வெற்றி, யார் உரத்துப் பேசுகிறார் என்பதிலன்றி, யார் எப்போது வழிவிடுகிறார் என்பதிலேயே தங்கியுள்ளது.

பின்லாந்தைச் சேர்ந்த எசா-பெக்கா சலோனன் 1992 முதல் 2009 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் குழுவின் இசை இயக்குநராக விளங்கியவர். அப்பொறுப்பினின்று விடைபெற்ற 2009ஆம் ஆண்டில், லீலா ஜோசபோவிச் வயலின் வாசிக்க, தமது வயலின் கொன்சேர்ட்டோவைத் தாமே நடத்தி அரங்கேற்றினார். அது நான்கு பகுதிகளையுடையது. முதற்பகுதியில், முன்பே தொடங்கிவிட்ட இசையொன்றின் நடுவே நாம் நுழைந்தாற்போல வயலின் ஒலிக்கிறது. மூன்றாம் பகுதியில் வீதியிசைக்குரிய 'டிரம் செட்' புகுந்து அதிர்கிறது. ஆயினும் வயலின் மூழ்கிப்போகவில்லை. குழுவை உள்ளிருந்து கேட்டுப் பழகிய நடத்துநரின் செவியே இதனைச் சாத்தியமாக்கிற்று எனலாம்.

எல். சுப்பிரமணியத்தின் நிலை வேறு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958ஆம் ஆண்டு வன்செயல்களின்பின் குடும்பத்தோடு இந்தியா சென்றவர் அவர். வேத ஓதலை அடியாகக் கொண்டு வயலினுக்கும் வாத்தியக்குழுவுக்குமென அவர் இயற்றிய கற்பனைக்கோலம், 1985இல் சுபின் மேத்தா நடத்த, நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவினரால் இசைக்கப்பட்டது. இங்கு இயற்றியவரே தனிவாத்தியக் கலைஞர், நடத்துநர் பிறிதொருவர். கமகம் சுரத்தை அசைப்பது. ஒத்திசையோ சுரத்தை நிலைநிறுத்துவது. இம்முரணை ஓர் ஆக்கம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய வினா. அதை விடுத்து, 'நம்மவர் நியூயோர்க்கில் வாசித்தார்' என மகிழ்வது பெருமிதமேயன்றி விமர்சனமாகாது.

இவ்வினா மொனராகலையிலிருந்து தொலைவானதன்று. ஊவாத் தோட்டங்களில் காமன் கூத்தைக் கண்டோர், தப்பு எங்கே முழங்கிப் பாட்டு எங்கே மேலெழும் என்பதை அறிவர். கூத்தை நடத்தும் வாத்தியாரும் ஒருவகையில் நடத்துநரே. நாமோ விழா ஊர்வலத்தில் தப்பை முன்னே அனுப்பிவிட்டு, மண்டப வாசலில் அதனை நிறுத்திவிடுகிறோம். சலோனனின் அரங்கிலே வீதியின் பறை விருந்தாளியாகவன்றி உரையாடும் தரப்பாகவே இடம்பெற்றது. தப்புக்கும் அத்தகையதோர் இடத்தை அளிக்கும் ஆக்கம் மலையகத்தில் எழுமாயின், அதனைச் செவிமடுக்க நாம் ஆயத்தமாயுள்ளோமா?