காறை எலும்பும் புத்தூர் கட்டும்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், நகரியைத் தாண்டினால் புத்தூர் வரும். அங்கே பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றும் எலும்புமுறிவுக் கட்டுக்குத் தமிழ்நாட்டு மக்களிடம் தலைமுறை தாண்டிய நம்பிக்கை உண்டு. கபடியிலோ பைக்கிலோ விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்ட பிள்ளையை அங்கே அழைத்துப்போகும் பெற்றோரை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. கத்தி வைப்பதில்லை, செலவு குறைவு, பிள்ளை அன்றே வீடு திரும்பலாம். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் இந்தப் புகழில் கட்டின் பங்கு எவ்வளவு, வளரும் வயது எலும்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

காறை எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அதன் நடுப்பகுதியில் நேர்கின்றன. முறிந்ததும் உள்துண்டைக் கழுத்துத் தசை மேலே இழுக்கும். வெளித்துண்டைக் கையின் எடை கீழே தாழ்த்தும். வெளியிலிருந்து சுற்றும் எந்தக் கட்டாலும் இந்த இழுப்பை முழுதாக நிறுத்த முடியாது. தோள்களைப் பின்னுக்கு இழுத்து எட்டு வடிவில் போடும் கட்டையும், ஸ்லிங் என்னும் சாதாரணக் கைத்தொட்டிலையும் டென்மார்க் மருத்துவர்கள் ஒப்பிட்டு 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு கூடியதில் வேறுபாடு இல்லை; எட்டுக் கட்டுப் போட்டவர்களுக்குத் தொல்லைதான் அதிகம். வளரும் வயதில் இந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடுகிறது. பச்சிலைக்கும் மூங்கிலுக்கும் நாம் தரும் பாராட்டில் பெரும்பங்கு அந்த உடலுக்கே உரியது.

அதற்காகப் புத்தூர் வழியைத் தள்ளிவிட முடியாது. அறுவை வேண்டாம் என்ற அதன் அடிப்படை முடிவு, பதின்வயதினரைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியானதே. துண்டுகள் விலகிய முறிவில் அறுவை செய்து உலோக பிளேட் வைப்பது நல்லது என்று 2007-இல் கனடாவில் வெளியான ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. 10 முதல் 18 வயது வரையுள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிட மேலான பலன் எதையும் பெறவில்லை. தோலுக்கு அடியிலேயே இருக்கும் பிளேட் உறுத்தினால், அதை எடுக்க இன்னோர் அறுவையும் தேவைப்படலாம். கட்டு மாற்றத் திரும்பத் திரும்ப வரச் சொல்வதும் புத்தூர் முறையின் பலம். ஸ்லிங்கை மாட்டி, எதையும் விளக்காமல் 'ஒரு மாசம் கழிச்சு வாங்க' என்று அனுப்பும் மருத்துவமனைதான் பல குடும்பங்களைப் புத்தூர் பஸ்ஸில் ஏற்றுகிறது.

குறை இருப்பது கட்டுவதற்கு முன்னும் பின்னும். காறை எலும்புக்குக் கீழேதான் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புக் கற்றையும் நுரையீரலின் உச்சியும் இருக்கின்றன. விரல் மரத்துப் போயிருக்கிறதா, மணிக்கட்டில் நாடி தெரிகிறதா, எலும்பு முனை தோலை வெளுக்கும் அளவுக்கு முட்டுகிறதா என்று பார்க்காமல் கட்டினால் அடியில் உள்ள ஆபத்து மறைந்துபோகும். மார்பை ஒட்டிய முனையில், எலும்பு நீளக் காரணமான வளர்தட்டு இருபதுகளின் தொடக்கம்வரை முழுதாக மூடுவதில்லை. அங்கே அடிபட்டு எலும்பு பின்னோக்கி நகர்ந்தால் மூச்சுக்குழலையும் பெரிய ரத்தக் குழாய்களையும் அது அழுத்தலாம். அந்த இடத்தை நீவிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. கட்டு இறுகினால் கைக்கு ரத்தம் குறையும்; பத்துப் போட்ட தோல் கொப்பளிக்கலாம். வலி தணிந்த பிறகும் வாரக்கணக்கில் தோளை அசைக்கவிடாமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிப்போகும்.

பதின்வயதில் குணமாவதென்றால் எலும்பு ஒட்டுவது மட்டுமல்ல. முதல் நாளிலிருந்தே விரலும் முழங்கையும் அசைய வேண்டும். மூன்று, நான்கு வாரங்களில் ஸ்லிங்கிலிருந்து மெல்ல விடுபட்டுத் தோளுக்குப் பயிற்சி தொடங்க வேண்டும். கூடிய இடத்தில் தெரியும் புடைப்பைக் கண்டு பிள்ளை கூச்சப்பட்டால், வளர வளர அது பெரும்பாலும் தணியும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். மோதி ஆடும் கபடிக்குத் திரும்ப ஏறக்குறைய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இந்தத் திட்டத்தை யாரும் எடுத்துச் சொல்லாதபோது, ஒட்டிய எலும்போடும் பிள்ளை அரைகுறையாகத்தான் குணமாகிறான்.

எனவே புத்தூரா, மருத்துவமனையா என்று கேட்பதைவிட மூன்று கேள்விகளைக் கேட்பது பயன்தரும். எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? கையின் நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் சோதித்தார்களா? கையை எப்போது, எப்படி அசைக்கத் தொடங்குவது? இவற்றுக்குத் தெளிவான பதில் தருபவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். பதில் தராதவர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும், அவரிடம் ஒப்படைக்கக் கூடாது.