செயல்வழிக் கற்றலில் செயல் எங்கே? ஒரு தீக்குச்சி அளவுகோல்

போன மாதம் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தப்போ, தங்கச்சி மகன் பள்ளியில் செய்த 'செயல்பாடு' ஒன்றைக் கொண்டு வந்து காட்டினான். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். மயில் படம். அச்சடித்த கோட்டுக்குள்ளே கலர் பேப்பரைக் கிழித்து ஒட்டியிருந்தான். அழகாத்தான் இருந்தது. "இதுல என்னடா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோட்டத் தாண்டக் கூடாது மாமா" என்றான்.

அன்றைக்கு ராத்திரி அவன் கணக்கு நோட்டைப் புரட்டினேன். 42-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று போட்டிருந்தான். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. 'கடன் வாங்கி'க் கழிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரிடம் எதைக் கடன் வாங்குவது என்று அவனுக்குப் புரியவில்லை.

மயிலையும் 35-ஐயும் சேர்த்துப் பார்த்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. கையால் செய்து கற்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதைச் செயல் என்று எண்ணிக்கொள்கிறோம் என்பதில்தான் சந்தேகம்.

தமிழ்நாட்டில் 'செயல்' என்ற சொல் ஒரு அரசுத் திட்டத்தின் பெயராகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ்., 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலை ஆரம்பித்தார். மூலம், ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் இருக்கும் ரிஷிவேலி. அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களின் சின்னப் பள்ளிகளுக்காக, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒன்றாகப் பார்க்க வேண்டிய இடங்களுக்காக, பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கிய முறை அது. கர்நாடகத்தில் 1995-ல் மைசூர் மாவட்டத்தில் தொடங்கிய 'நலி கலி'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சென்னையில் ஆரம்பித்தது 2007-08-ல் மாநிலம் முழுக்க, 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு, ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை போய்ச் சேர்ந்தது.

வடிவமைப்பு என்ற அளவில் அது பிரமாதமான வேலை. பாடத்தைச் சின்னச் சின்ன மைல்கற்களாக உடைத்து, அவற்றை ஒரு ஏணியாக அடுக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஒரு எண், ஒரு அட்டை. குழந்தை ஏணிப்படத்தைப் பார்த்து, தான் நிற்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய்ப் பாயில் உட்காரும். சுவரில் குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பி கட்டி, குழந்தைகள் வரைந்தது, எழுதியது எல்லாம் தொங்கும். ஆசிரியரும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். நம்ம ஊர் வகுப்பறையில் இது ஒன்றே பெரிய புரட்சி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. பூப்பறிக்கும் காலம், தறிக்கூடத்துக்குப் போகும் அம்மாவுக்குப் பதிலாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நாள் என்று பத்து நாள் லீவு போட்ட பிள்ளை, திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்தே தொடரலாம். பழைய வகுப்பில் அந்தப் பத்து நாள் பாடம் போனது போனதுதான். கம்ப்யூட்டர் கேமில் 'சேவ்' பண்ணி வைத்த மாதிரி, ஏணி அந்தப் பிள்ளைக்காகக் காத்திருந்தது.

அப்புறம் எங்கே சறுக்கியது?

ஆசிரியர் தோழிகளிடம் அந்தக் காலத்து அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை கேட்பது இதைத்தான்: பார், படி, எழுது, பொருத்து, ஆசிரியரிடம் காட்டு. அடுத்த படிக்குப் போ. அதாவது 'செயல்' என்பது அட்டையை எடுப்பதிலும் வைப்பதிலும் இடம் மாறி உட்காருவதிலும்தான் அதிகம். அட்டைக்குள்ளே இருப்பது துண்டு போட்ட பாடப்புத்தகம். எழுதியது சரியா தப்பா என்று சொல்ல அங்கேயும் ஆசிரியரோ, முன்னால் ஏறிப்போன இன்னொரு பிள்ளையோ வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு யோசனை சென்னையிலேயே ரொம்ப காலமாக இருக்கிறது. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, போரில் மாட்டிக்கொண்டு 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவருடைய கருவிகளில் ஒன்று, பத்துக் குழி உள்ள மரக்கட்டையும் அதில் பொருந்தும் பத்து உருளைகளும். ஒரு உருளையைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று எதிலும் பொருந்தாமல் மிஞ்சும். யாரும் "தப்பு" என்று சொல்லத் தேவையில்லை. தப்பைக் காட்டும் வேலையைக் கருவிக்கே கொடுத்துவிட்டார்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாங்கள் தொழில் கற்றதே எரர் மெசேஜைப் பார்த்துத்தான். மெஷின் நம்மைத் திட்டாது, பாராட்டாது, ஓடாமல் நிற்கும், அவ்வளவுதான். ஏன் நின்றது என்று யோசிக்கும்போதுதான் படிப்பு நடக்கிறது.

ஆக, என் அளவுகோல் இதுதான். ஒரு செயல்பாட்டில் குழந்தை தப்பு செய்தால், கையில் இருக்கும் பொருள் அதைக் காட்டிக்கொடுக்குமா? மயில் காட்டிக்கொடுக்காது. எப்படி ஒட்டினாலும் அது மயில்தான்.

தீக்குச்சி காட்டிக்கொடுக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, லாரி கம்பெனி வேலையை விட்டுவிட்டு குப்பையிலிருந்து பொம்மை செய்யப் போன அர்விந்த் குப்தாவின் பேர்போன விளையாட்டு இது. மருந்தைச் சுரண்டிய தீக்குச்சி, சைக்கிள் வால் டியூபில் வெட்டிய சின்னத் துண்டுகள். துண்டின் இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் அசையாது. சரி, சதுரத்தைச் சாயாமல் நிறுத்து என்று சொல்லிவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை மூலைக்கு மூலை ஒரு ஈர்க்குச்சியைக் கட்டிப் பார்க்கும். நீளம் சரியில்லை என்றால் அசையாமல் நிற்கும், ஆனால் கோணலாக நிற்கும். சதுரம் வேண்டுமென்றால் அளந்து வெட்ட வேண்டும். கோவில்பட்டி பக்கத்திலேயே தீப்பெட்டி செய்கிறார்கள். ஒரு வகுப்புக்கு ஆகிற செலவு ஒரு டீக்காசு.

மருமகனுடைய 42-க்கும் அதே குச்சிதான். பத்துப் பத்தாக நாலு கட்டு, உதிரியாக ரெண்டு. "எனக்குப் பதினேழு குடு" என்றேன். ஒரு கட்டைக் கொடுத்தான். உதிரியைப் பார்த்தான், ரெண்டுதான் இருக்கு. நோட்டில் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடலாம். கையில் அந்த வித்தை நடக்காது. கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம், "மாமா, ஒரு கட்ட அவுக்கட்டா?" என்றான். கடன் வாங்குவது என்றால் அவ்வளவுதான், ஒரு கட்டை அவிழ்ப்பது. மிச்சம் 25. நோட்டை அவனே எடுத்துத் திருத்தினான்.

இப்போது நடப்பது எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால் உண்டான இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி நூல். வயதைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது சரியான யோசனை. பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் வகுப்புக்குள் வந்ததும் சந்தோஷம். ஆனால் மதிப்பீட்டைச் செல்போன் செயலியில் பதிவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் தொடர்ந்து சொல்கிறார்கள். போட்டோவில் மயில் நன்றாக விழும். ஒரு பிள்ளை குச்சிக் கட்டை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் முழிப்பது விழாது. அந்த இரண்டு நிமிஷம் பொறுக்க, ஆசிரியருக்கு அவகாசமும் தைரியமும் வேண்டும்.

இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாவற்றையும் பொருளால் கற்பிக்க முடியாது. 'ழ'வை எந்தக் குச்சியும் திருத்தாது, அதற்கு ஒரு மனிதக் காது வேண்டும். ஒட்டுவதும் வரைவதும் விரலுக்குப் பழக்கம், மனசுக்குச் சந்தோஷம், அதுவும் வேண்டும்தான். நான் கேட்பது, ஒட்டுவதைக் கைவேலை என்றே அழைப்போம். கணக்குப் பாட நேரத்தில் அதைச் செய்துவிட்டு, செயல்வழியில் கணக்கு நடத்தியாச்சு என்று எழுத வேண்டாம்.

ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பது அரசுப் பள்ளிதான். "அங்க வெறும் வெளையாட்டுதான்" என்று சொல்லித் தறிக்கூலியில் மிச்சம் பிடித்துப் பிள்ளையை நர்சரி ஸ்கூலில் சேர்க்கிற பெற்றோரை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். மயிலைக் காட்டி அவர்களை மாற்ற முடியாது. ஒரு நாள் அவர்களை வகுப்புக்குக் கூப்பிட்டு, அவர்கள் பிள்ளையிடமே 42 குச்சியைக் கொடுத்து, "அம்மாவுக்குப் பதினேழு குடு" என்று சொல்லச் சொல்லுங்கள்.

தங்கச்சி மகன் இப்போது 100-லிருந்து கழிக்கிறான். பத்துக் கட்டையும் சேர்த்துப் பெரிய கட்டாகக் கட்ட ரப்பர் பேண்ட் பத்தவில்லையாம். போகும்போது ஒரு பாக்கெட் வாங்கிப் போக வேண்டும்.