லேப் மூலையில் ஒரு ஸ்கேனர்: கேனோஸ்கேன் லைடு 300

சான்றிதழை ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் இன்று எல்லோரும் போனைத்தான் கையில் எடுக்கிறோம். அவசரத்துக்கு அது போதும். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பாட்டியின் கல்யாணப் படம், வேறெங்கும் பிரதி கிடைக்காத ஒரு சிற்றிதழ் ஆகியவற்றுக்குப் போன் போதாது. அவற்றைக் கண்ணாடி ஸ்கேனரில்தான் வைக்க வேண்டும். பல கல்லூரிகளின் கணினி லேபில் அப்படி ஒன்று இருக்கிறது. கேட்பார் இல்லாமல் ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. ஒரு கல்லூரி லேபில் நான் சில மாதங்களாகப் பயன்படுத்திவரும் கேனோஸ்கேன் லைடு 300 பற்றியும், அதனிடம் எப்படி வேலை வாங்குவது என்பது பற்றியும் சொல்கிறேன்.

எடை 1.7 கிலோ. தனி அடாப்டர் கிடையாது. ஒரே யுஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரமும் படமும் போய்வருகின்றன. லேபுக்கு இது பெரிய வசதி. எந்த மேசைக்கும் தூக்கிப்போய் எந்தக் கணினியிலும் செருகலாம். உபுண்டு போட்ட கணினியில் அதிலேயே இருக்கும் ஸ்கேன் செயலி இதை அடையாளம் கண்டுகொள்கிறது. விண்டோஸ் என்றால் டிரைவர் நிறுவ வேண்டும். ஏ4 தாளை வண்ணத்தில் 300 டிபிஐயில் எடுக்கப் பத்து நொடி என்கிறது நிறுவனம். முன்னோட்டம், வெட்டுதல், பெயரிட்டுச் சேமித்தல் எல்லாம் சேர்த்தால் ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனைவிட இது எங்கே மேல்? முதலில் வடிவம். போனில் எடுத்த பக்கம் எவ்வளவு நிமிர்த்தினாலும் ஓரங்களில் சற்றே கோணும். ஸ்கேனரில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது; சென்சார் ஒரே சீராக நகர்கிறது; அளவு மாறுவதில்லை. அடுத்தது வெளிச்சம். லேமினேட் செய்த சான்றிதழைப் போனில் எடுத்தால் டியூப்லைட்டின் வெள்ளைப் பட்டை நடுவில் விழும். ஸ்கேனர் தன் விளக்கைக் குறிப்பிட்ட கோணத்தில் தானே பாய்ச்சுகிறது. லேமினேஷன் பளபளப்பு பெரும்பாலும் தெரிவதே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மாணவர்களை லேபுக்குப் போகச் சொல்வேன்.

டிபிஐ என்ற எண்ணில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளிகளைப் படிக்கிறது என்பதுதான் அது. தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிட முக்கியம். மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 டிபிஐயில் அதற்குக் கிடைப்பது இரண்டு பிக்சல். 300இல் ஆறு, 600இல் பன்னிரண்டு. இரண்டு பிக்சலை ஜேபெக் சுருக்கம் எளிதில் கரைத்துவிடும். ‘க்’ போய் ‘க’ நிற்கும். ஆகவே தமிழ் அச்சுக்கு 300தான் குறைந்தபட்சம். பொடி எழுத்துக்கும் பழைய ஈய அச்சுக்கும் 600 வையுங்கள். அதற்கு மேல் போவது இடத்தை வீணாக்கும். ஏ4 வண்ணப் பக்கம் 300இல் சுருக்காமல் ஏறக்குறைய 26 எம்பி. 600இல் அது நான்கு மடங்காகி 104 எம்பி. இந்த இயந்திரம் 2400 வரை உண்மையாகவே படிக்கும். ஸ்டாம்ப் சைஸ் படத்தைப் பெரிதாக்கும் வேலைக்கு மட்டுமே எனக்கு 1200 தேவைப்பட்டது. சில மென்பொருள்கள் காட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிய எண்களை நம்ப வேண்டாம். அவை இருக்கும் பிக்சலுக்கு நடுவே கணக்குப் போட்டு நிரப்பியவை. தாளில் இல்லாத விவரம் அதில் வந்துவிடாது.

தேர்வு விண்ணப்பங்கள் புகைப்படத்தை 20 முதல் 50 கேபிக்குள் கேட்பதுண்டு. அதற்காக 72 டிபிஐயில் ஸ்கேன் செய்யும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. வேண்டாம். 300இல் எடுத்து மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதிலிருந்து சின்ன நகல் ஒன்றை உருவாக்கி அதை ஏற்றுங்கள். அடுத்த விண்ணப்பம் வேறு அளவு கேட்கும்போது மறுபடி லேப் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

முன்பக்கத்து நான்கு பொத்தான்களில் ஆட்டோ என்பதையே எல்லோரும் அழுத்துகிறார்கள். சான்றிதழ்களுக்கு நான் அதைத் தொடுவதில்லை. ஓரம் எது, தாள் எது என்று மென்பொருள் தானே முடிவுசெய்யும்போது வெளிர் நிற முத்திரை வெட்டுப்பட வாய்ப்பு உண்டு. கறுப்பு வெள்ளை என்ற தேர்வும் அப்படித்தான்: கோப்பு சிறியதாகும், ஆனால் சான்றொப்பமிட்ட அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும் ஊதா ரப்பர் ஸ்டாம்பும் மங்கிவிடும் அல்லது கறுப்புத் திட்டாகும். அரசு ஆவணம் எதுவாயினும் வண்ணத்திலேயே எடுங்கள்.

சுருக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி ஆய்வாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில அலுவலக இயந்திரங்கள் ஸ்கேன் செய்த பக்கங்களில் 6 என்ற எண் 8 ஆக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளுக்கு ஒரே வடிவத்தைப் போட்டு நிரப்பும் சுருக்க முறைதான் காரணம். நிறுவனம் பிறகு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. மூலக் கோப்பை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பிடிஎஃப் அனுப்புவதற்கு; டிஃப் காப்பதற்கு.

பழைய பத்திரிகைகளில்தான் இந்த ஸ்கேனருடன் அதிக நேரம் செலவிட்டேன். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்னால் நிழலாடும். மூடியின் வெள்ளைப் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. தாளின் பின்னே ஒரு கறுப்புச் சார்ட் அட்டையை வைத்தால் நிழல் பெருமளவு அடங்கும். பக்கம் சற்று மங்கலாகத் தெரியும், பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அச்சிட்ட படங்களில் கோலமாக அலைகள் தோன்றினால், அச்சின் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் புள்ளி வரிசையும் மோதுகின்றன என்று பொருள். மென்பொருளில் டிஸ்கிரீன் என்ற தேர்வை இயக்குங்கள், அல்லது 600இல் எடுத்துப் பாதியாகச் சுருக்குங்கள்.

இனி, இது செய்யாதவை. இதில் இருப்பது சிஐஎஸ் வகைச் சென்சார். மெலிவும் குறைந்த மின்சாரமும் அதன் வரம். கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்ப்பது அதன் எல்லை. தடித்த புத்தகத்தின் நடு மடிப்பில் எழுத்துகள் மங்கிக் கருக்கும். மூடியை அழுத்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்: புத்தகத்தின் தையல் விடும், கண்ணாடியும் விரிசல் காணும். சுருங்கிய துணி, நாணயம், பதக்கம் எதுவும் சரியாக வராது. ஃபிலிம் நெகட்டிவை எடுக்கவே முடியாது. அவற்றுக்குச் சிசிடி வகை வேண்டும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 போன்றவை ஃபிலிமையும் படிக்கும், விலையும் இடமும் அதற்கேற்பக் கூடும். பழைய கிரயப் பத்திரங்கள் ஏ4ஐவிட நீளமானவை என்பதால் இரண்டு முறை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

மென்பொருளில் என் தேர்வு நாப்ஸ்2. இலவசம், திறந்த மூலம், பல பக்கங்களை ஒரே பிடிஎஃப்பாக அடுக்கித் தரும். டெசராக்ட் என்ற எழுத்துணரி அதனுள் இருக்கிறது. தமிழைத் தரவிறக்கிச் சேர்த்தால் பிடிஎஃப்பில் சொல் தேடலாம். இன்றைய அச்சைத் திருத்திப் பயன்படுத்தும் அளவுக்குப் படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னா, றா, லை வடிவங்களில் தடுமாறுகிறது. அங்கே மனிதக் கண் வேண்டும்.

லேப் பொறுப்பாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கண்ணாடியில் நேரடியாகத் திரவம் தெளிக்க வேண்டாம். ஓரத்தில் கசிந்து உள்ளே இறங்கும். மென்துணியில் லேசாக நனைத்துத் துடையுங்கள். பக்கம் முழுக்க நீளக் கோடு விழுந்தால், தாள் தொடங்கும் ஓரத்தில் உள்ள வெள்ளை அளவீட்டுப் பட்டைக்குக் கீழே தூசி சேர்ந்திருக்கலாம். மாணவர்கள் அதைச் சுரண்டாமல் உங்களிடம் சொல்லும்படி ஒரு குறிப்பு ஒட்டுங்கள்.

மாணவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று. லேப் கணினியின் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் யார் யாருடைய ஆதார் அட்டையோ, சாதிச் சான்றிதழோ, வங்கிப் பாஸ்புக்கோ வரிசையாகக் கிடக்கும். ஸ்கேன் முடிந்ததும் கோப்பைப் பென்டிரைவுக்கு மாற்றி, கணினியில் உள்ளதை ஷிஃப்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தி அழியுங்கள். மெயிலில் அனுப்பியிருந்தால் லாக் அவுட் செய்யுங்கள். ஆதார் கேட்கும் இடத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமா என்று கேளுங்கள்; அதை ஆதார் ஆணையத்தின் தளமே தருகிறது.

தாளும் படமும்தான் வேலை என்றால் லேபுக்கு லைடு 300 தாராளமாகப் போதும். புத்தகமும் நெகட்டிவும் என்றால் சிசிடி ஸ்கேனருக்குப் பணம் ஒதுக்குங்கள். இரண்டில் எதை வாங்கினாலும் லேப் நேரம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் மாணவர்களுக்கு அதைத் திறந்துவையுங்கள்.