மூக்குத்தியும் அபாயாவும்: உடுப்புத் தீர்ப்புகளை வாசித்தல்

திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் அபாயா அணிந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிராக 2018 ஏப்ரலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்த நாள் தொட்டு நம்மட பக்கத்தில் எழுதப்பட்டவை ஏராளம். பெரும்பாலானவை ஒரே தடத்தில் ஓடுகின்றன: அபாயா மார்க்கக் கடமை, கடமையைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. மறுபக்கத்தில் எழுதியவர்களின் தடமும் ஒன்றுதான்: "உங்கட மூத்தம்மாமார் சேலைதானே உடுத்தினவை? இது நேற்று அரபு நாட்டிலயிருந்து வந்த உடுப்பு. எங்கட பாடசாலைக்கு ஒரு பாரம்பரியம் இருக்கு."

இரண்டும் நேரெதிர் வாதங்கள் போலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியில்தான் தொங்குகின்றன: இந்த உடுப்பு கட்டாயமானதா, பழமையானதா? இந்தக் கேள்வியே பிழையான கேள்வி என்பது என் கருத்து. இப்படிக் கேட்கும்வரை நாம் வழக்கில் வென்றாலும் வாதத்தில் தோற்போம். ஏன் என்பதைக் காட்ட உலகின் பல மூலைகளில் எழுதப்பட்ட சில தீர்ப்புகளை வாசிக்க வேண்டும். தொடங்க வேண்டிய இடம் ஒரு தமிழ்ப் பிள்ளையின் மூக்குத்தி.

டர்பனில் ஒரு மூக்குத்தி

தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மகளிர் உயர்தரப் பாடசாலை. 2004இல் சுனாலி பிள்ளை என்ற மாணவி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். பாடசாலையின் நகை விதியில் மூக்குத்திக்கு இடமில்லை, கழற்று என்றார்கள். குடும்பம் தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பம். பருவமடைந்த பெண் மூக்குத்தி அணிவது எங்கள் வீட்டு வழக்கம் என்று தாய் சொன்னார். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007 ஒக்டோபரில் பிரதம நீதியரசர் பியஸ் லங்கா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பிள்ளை வென்றாள்.

எப்படி வென்றாள் என்பதுதான் நமக்குப் பாடம். மூக்குத்தி இந்து மதத்தின் கட்டாயக் கடமை என்று அந்தத் தாய் வாதாடவில்லை. கட்டாயமில்லை என்பது நீதிமன்றத்துக்கும் தெரிந்திருந்தது. கட்டாயமில்லாததைப் பாதுகாப்பானேன் என்று பாடசாலை கேட்டது. நீதிமன்றத்தின் பதிலைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஒருவர் விரும்பி ஏற்றுக்கொண்ட வழக்கமும் அவருடைய அடையாளத்தின் பகுதிதான். அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அவரிடம் கேட்டு அறிய வேண்டுமே தவிர, வேதநூலைப் புரட்டி அளக்கக் கூடாது. இன்று மூக்குத்தியை விட்டால் நாளை எல்லாரும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வருவார்கள் என்ற பாடசாலையின் பயத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படிப் பலரும் பல அடையாளங்களோடு வருவது கேடல்ல, கொண்டாட வேண்டிய விடயம் என்றது. ஒரு நீதியரசர் மட்டும், ஓரிகன் அம்மையார், இதை மதத்தை விடப் பண்பாட்டு விடயமாகப் பார்த்து, விதிவிலக்கு வழங்கும் ஒழுங்கான முறை பாடசாலையிடம் இல்லாததே தவறு என்று தனியே எழுதினார்.

கடல் கடந்த ஊரில் ஒரு தமிழ் இந்துப் பெண் பிள்ளையின் மூக்குத்திக்குக் கிடைத்த அதே நியாயத்தைத்தான் திருகோணமலையில் ஒரு முஸ்லிம் ஆசிரியை கேட்டார். சண்முகாவின் பழைய மாணவிகள் இந்தத் தீர்ப்பை வாசித்தால் தங்கள் பிள்ளையின் கதையாகவே அது படும். வாதத்தை அங்கிருந்து தொடங்கியிருந்தால் கேட்கும் காதுகள் கூடியிருக்கும்.

கட்டாயம் என்ற கண்ணி

இந்தியாவுக்கு வருவோம். 1954இன் சிரூர் மடம் வழக்கிலிருந்து அங்கே ஒரு கோட்பாடு வளர்ந்தது: மதத்துக்கு இன்றியமையாத வழக்கமா என்று நீதிமன்றம் பார்க்கும், இன்றியமையாதது என்றால்தான் பாதுகாப்பு. கர்நாடகத்தில் கல்லூரிகளில் ஹிஜாபைத் தடுத்தபோது பிள்ளைகளின் தரப்பும் இந்தப் படியில்தான் ஏறியது. குர்ஆன் வசனங்களும் ஹதீஸ்களும் மன்றில் வைக்கப்பட்டன. 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவற்றைத் தானே வாசித்து, ஹிஜாப் இஸ்லாத்தில் இன்றியமையாதது அல்ல என்று முடிவு சொன்னது. மார்க்கத் தீர்ப்பை நீதிபதியிடம் கேட்டால் நீதிபதி மார்க்கத் தீர்ப்புத்தான் தருவார். அதற்குப் பிறகு கோபப்பட்டு என்ன பயன்?

அதே ஆண்டு ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதியரசர்களும் இரண்டு பக்கம் போனார்கள். ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். சுதான்ஷு தூலியா, இன்றியமையாமைக் கேள்விக்குள் போகவே தேவையில்லை என்றார். அவர் கேட்டது வேறு கேள்வி: பல தடைகளைத் தாண்டி வகுப்பறை வரை வந்த ஒரு பெண் பிள்ளையைக் கேற்றடியில் நிறுத்தி முக்காட்டைக் கழற்றச் சொல்வதால் அவள் வாழ்வு மேம்படுகிறதா? அந்தக் கேள்விக்கு எந்த மதத்துக்காரரும் பதில் சொல்லலாம், ஃபிக்ஹு படித்திருக்க வேண்டியதில்லை.

நம்மட விடயத்தில் இந்தக் கண்ணி இன்னும் கூர்மையானது. அவ்ரத்தை மறைப்பது கடமை என்பதில் நமக்குள் சர்ச்சை இல்லை. ஆனால் அபாயா என்ற அந்த வெட்டும் நிறமும் கடமையா? இல்லை. முக்காடிட்ட சேலையோடு பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்த ஆசிரியைகள் கிழக்கில் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். "அபாயா ஃபர்ளு" என்று மன்றில் சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஆசிரியைகளின் பழைய குழுப் படத்தை எடுத்து மேசையில் போடுவார். கதை அதோடு முடியும். மாறாக, "இந்த உடுப்பில்தான் என் ஈமானோடும் மானத்தோடும் நிம்மதியாகப் படிப்பிக்கிறேன்" என்று அந்த ஆசிரியை சொன்னால், அதை மறுக்க எந்தப் படத்தாலும் முடியாது. வழக்கம் காலத்தோடு மாறும் என்பது நம் சட்ட மரபுக்கே புதியதல்ல. உஸ்மானியரின் மஜல்லா சட்டக்கோவை வழக்கத்துக்குத் தீர்ப்பளிக்கும் தகுதியைத் தன் முப்பத்தாறாம் பிரிவில் கொடுத்தது. மூத்தம்மாவின் சேலை அவர் காலத்து வழக்கம். பேத்தியின் அபாயா அவள் காலத்து வழக்கம்.

ஒரே முக்காடு, இரண்டு தீர்ப்பு

சர்வதேச சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று சும்மா சொல்லித் திரிகிறோம். எந்தச் சர்வதேச சட்டம்? உஸ்பெகிஸ்தானில் முக்காட்டுக்காகக் கல்வி நிறுவனத்திலிருந்து விலக்கப்பட்ட மாணவி ஹுதோய்பெர்கனோவாவின் முறைப்பாட்டில், ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 நவம்பரில் உரிமை மீறல் என்றது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2005 நவம்பரில், இஸ்தான்புல் மருத்துவ மாணவி லெய்லா ஷாஹினின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெருமன்றம் தடை சரி என்றது. இத்தனைக்கும் இரண்டு சமவாயங்களிலும் மத சுதந்திர வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆசிரியைகள் விடயத்தில் முரண்பாடு இன்னும் வெளிச்சம். சுவிற்சர்லாந்தின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை தஹ்லாபின் முக்காடு பிள்ளைகள் மேல் வலுவான தாக்கம் தரும் வெளிச் சின்னம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2001இல் சொன்னது. பத்து வருடம் கழித்து, இத்தாலிய வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் சிலுவை ஒரு செயலற்ற சின்னம், யாரையும் மாற்றாது என்று அதே நீதிமன்றம் லவுத்சி வழக்கில் சொன்னது. அரசே சுவரில் மாட்டினால் செயலற்றதாம், ஓர் ஆசிரியை தன் தலையில் இட்டால் வலுவானதாம். இந்த நியாயத்தைச் சண்முகா வாசலில் நின்றவர்களும் கடன் வாங்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு மிகப் பயனுள்ளதாகப் படுவது ஜேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2015 ஜனவரித் தீர்ப்பு. ஆசிரியைகள் முக்காடிடுவதைப் பொத்தாம் பொதுவாகத் தடுக்க முடியாது, பாடசாலை அமைதிக்கு வெறும் ஊகமல்லாத, திட்டவட்டமான ஆபத்து இருக்க வேண்டும் என்றது அது. கிறிஸ்தவ அடையாளங்களுக்கு மட்டும் சலுகை கொடுத்த மாநிலச் சட்ட வாசகத்தையும் செல்லாதாக்கியது. ஆனால் இந்தத் தீர்ப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. அமைதிக்கு ஆபத்து என்றால் அந்த ஆபத்தை உண்டாக்கியவர் யார் என்ற கேள்விக்கு அது போதிய இடம் தரவில்லை. வாசலில் கூட்டம் கூடினால் அமைதி குலையும். அமைதி குலைந்தால் ஆசிரியைக்கு இடமாற்றம். அப்படியானால் கூச்சல் போடுகிறவர் கையில் மற்றவரின் உரிமையைக் கொடுத்ததாகிவிடும். 2018இல் நடந்ததும் அதுதான்: ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் ஒரு பக்கம், வேறு பாடசாலைக்குப் போனவர்கள் ஆசிரியைகள்.

நம்மட சட்டம் சொல்வது

இவ்வளவு தூரம் போகாமலே நமக்குக் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் பதிவான பிரேமலால் பெரேரா எதிர் வீரசூரிய வழக்கில், இலங்கை உயர் நீதிமன்றம் மத நம்பிக்கைக்கு அளவுகோல் வைத்தது. நம்பிக்கை தர்க்கத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை, மற்றவர் ஏற்க வேண்டியதில்லை, உண்மையாகப் பற்றியிருந்தால் போதும். முறைப்பாடு செய்தவர் ரயில்வே ஊழியர், பௌத்தர். அவர் தோற்றார். தோற்றது அளவுகோலால் அல்ல, அந்த நம்பிக்கை அவருக்கு உண்மையாகவே இருந்தது என்பதைக் காட்டாததால். டர்பன் பிள்ளைக்குக் கிடைத்த அளவுகோலுக்கு நெருங்கிய ஒன்று, இந்தியக் கண்ணி இல்லாத ஒன்று, நம்மட நாட்டிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கர்நாடக வாதத்தை இரவல் வாங்குவானேன்?

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை நம்பிக்கையை எந்த மட்டுப்பாடும் இல்லாமல் காக்கிறது. நம்பிக்கையை வெளிக்காட்டும் உரிமை 14(1)(உ)இல் இருக்கிறது. அதை மட்டுப்படுத்தலாம், ஆனால் சட்டத்தால் மட்டும், 15(7) சொல்லும் காரணங்களுக்காக மட்டும். ஒரு பாடசாலையின் பாரம்பரியம் சட்டமல்ல. அந்தப் பாரம்பரியத்தின் வலியை நான் சின்னதாக்கவில்லை. மிஷன் பாடசாலைகளுக்கு நடுவே தங்கள் பிள்ளைகள் தங்கள் அடையாளத்தோடு படிக்க வேண்டும் என்றுதான் சைவப் பாடசாலைகள் எழுந்தன. ஆனால் 1960களின் தொடக்கத்தில் அரசு பொறுப்பேற்ற பிறகு ஆசிரியரை நியமிப்பது அரசு, சம்பளம் கொடுப்பது எல்லாருடைய வரிப்பணம்.

ஜெனீவாவை மலைபோல் நம்ப வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். மென்சிங்கன் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் 2003இல் நம்மட உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2005இல் ஐ.நா. குழுவில் வென்றார்கள். அடுத்த வருடமே சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முறையிட வழிதிறந்த நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஜெனீவாவின் முடிவு அறிவுரையாக வரும், கட்டளையாக வராது.

நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி

தம்பலகாமத்தில் ஆதி கோணேஸ்வரர் கோயிலும் முள்ளிப்பொத்தானையின் பள்ளிவாசல்களும் ஒரே பிரதேச செயலகப் பிரிவில்தான். கந்தளாய்க் குளத்துத் தண்ணிதான் ரெண்டு பக்கத்து வயலுக்கும் பாயுது. இந்த மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 40 பேர் நாம். எல்லா இடத்திலும் சிறுபான்மை என்ற தொனியில் பேசினால் இங்கே எடுபடாது. ஒரு தமிழ் ஆசிரியை பொட்டும் திருநீறுமாய் நம் பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்தால், தலையை மூடச் சொல்வோமா? பொட்டைக் குறைக்கச் சொல்வோமா? சொன்னால், சண்முகா வாசலில் நின்றவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டுக்குள்ளும் அதே கோல்தான். உண்மையான நம்பிக்கை என்பது அந்தப் பெண்ணின் நம்பிக்கை. அபாயா உடுக்க அவளுக்கு உரிமை உண்டு என்றால், முக்காட்டுச் சேலையோடு போகவும் உரிமை உண்டு. பள்ளிவாசல் நிருவாகமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ அதில் கைவைக்க முடியாது. 2019 மே இறுதியில் அரச ஊழியப் பெண்களுக்குச் சேலையோ ஒசரியோ என்று சுற்றுநிருபம் வந்தபோது நாம் எதிர்த்தது எதற்காக? பெண்ணுக்கு உடுப்பை மற்றவர் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகத்தானே.

இந்தப் பிரச்சினை ஓயவில்லை. சண்முகா விடயத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம் சிபாரிசு செய்தும் அது நடைமுறைக்கு வராமல், வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2022 பெப்ரவரியில் கடமையேற்கப் போன நாளில் நடந்த குழப்பமும் பொலிஸுக்கும் மன்றுக்கும் போனது. 2024இல் திருகோணமலை சாஹிராக் கல்லூரி மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள் காது மறைந்திருந்ததாகச் சொல்லி நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்ததும் வரும். வரும்போது செய்ய வேண்டியவை இரண்டு.

முதலாவது, நாள் கணக்கு. அடிப்படை உரிமை மனுவுக்கு 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஊர்க்கூட்டம், மகஜர், அமைச்சரைச் சந்திப்பு என்று அலைந்து அந்த ஒரு மாதத்தைத் தொலைப்பதுதான் நம்மட ஆக்களின் வழமை. இரண்டாவது, சத்தியக் கடதாசி. அதில் ஃபத்வாவை இணைப்பதற்கு முன், அந்தப் பெண் தன் வாயால் சொல்லட்டும்: எப்போதிருந்து இதை உடுக்கிறேன், ஏன் உடுக்கிறேன், இதைக் கழற்றச் சொன்னால் எனக்குள் என்ன நடக்கும். டர்பன் வழக்கில் நீதிமன்றம் கேட்க விரும்பியதும் அப்படிப்பட்ட ஒரு வாய்மொழியைத்தான்.