சட்டம் சுமத்தும் பொறுப்பு: கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்டின் வலிமையும் வரம்பும்

சார்ல்ஸ் வார்விக் ரீட் நியூசிலாந்துக்காரர். ஹாங்காங்கில் அரசு வழக்கறிஞராகச் சேர்ந்து, அங்குள்ள குற்றவியல் வழக்குகள் அனைத்தையும் மேற்பார்வையிடும் இயக்குநர் பதவியைத் தற்காலிகமாக வகிக்கும் அளவுக்கு உயர்ந்தார். பணிக்காலத்தில், சில குற்றவாளிகள் மீதான வழக்குகளை முடக்க லஞ்சம் வாங்கினார். அவருக்கு எட்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 1 கோடியே 24 லட்சம் ஹாங்காங் டாலரை அரசுக்குக் கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. அதில் ஒரு காசும் வந்து சேரவில்லை. ஆனால் நியூசிலாந்தில் மூன்று வீடுகள் இருந்தன. இரண்டு அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் இருந்தன. மூன்றாவது அவருடைய வழக்கறிஞர் பெயரில் இருந்தது.

அந்த வீடுகள் யாருடையவை? பத்திரத்தைப் பார்த்தால் பதில் எளிது. ஆனால் 1993-இல், அப்போது நியூசிலாந்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் பத்திரத்தைத் தாண்டிப் பார்த்தது. லஞ்சப் பணம் கைக்கு வந்த நொடியிலேயே அதை எஜமானரான அரசிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காததால், அந்தப் பணத்தையும் அதில் வாங்கிய வீடுகளையும் ரீட் அரசுக்காகவே வைத்திருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று டெம்பிள்மன் பிரபு தீர்ப்பளித்தார். வழக்கறிஞர்கள் 'கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட்' என்று சொல்லும் பரிகாரம் இதுதான். யாரும் எழுதி உருவாக்காத, யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பொறுப்பைச் சட்டம் தானே ஒருவர் தலையில் சுமத்துகிறது. பெயர் உன்னுடையதாக இருக்கலாம், பொருள் அவருடையது என்கிறது.

தவறான வழியில் கைமாறிய சொத்தை மீட்க இதைவிடக் கூர்மையான கருவி உரிமையியல் சட்டத்தில் இல்லை என்பது என் கருத்து. அதே கூர்மை, தவறு செய்தவரைத் தாண்டி, எந்தத் தவறும் செய்யாதவர்களையும் வெட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

மூன்று பலங்கள்

நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுபவர் ஒரு தொகையைத்தான் கேட்கிறார். தீர்ப்புக் கிடைத்த பிறகும் அவர் எதிரிக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவரே. கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்ட் கேட்பவரோ அந்தப் பொருளையே தன்னுடையது என்று கேட்கிறார். இதிலிருந்து மூன்று நன்மைகள் வருகின்றன. முதலாவதாக, சொத்தின் மதிப்பு ஏறியிருந்தால் அந்த ஏற்றமும் உரியவருக்கே. ரீட் வழக்கில், வீட்டு விலை ஏறினால் லாபம் அரசுக்கு, இறங்கினால் குறைவதை ரீட் ஈடுகட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டாவதாக, பணம் வீடாகி, வீடு வங்கி வைப்பாகி, வைப்பு பங்குகளாகி உருமாறினாலும் அதைத் தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம். உண்மையறியாமல் விலை கொடுத்து வாங்கிய நேர்மையானவர் கைக்கு அது போகும் இடத்தில்தான் இந்தத் துரத்தல் நிற்கும். மூன்றாவதாக, எதிரி மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டால் மற்றவர்கள் ரூபாய்க்குப் பத்துப் பைசாவுக்கு வரிசையில் நிற்கும்போது, இவர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இந்தக் கண்டிப்புக்கு வேர் 1726-ஆம் ஆண்டின் கீச் - சாண்ட்ஃபோர்டு வழக்கு. ரம்ஃபோர்டு சந்தையின் குத்தகை ஒரு சிறுவனுக்காக ஒரு பொறுப்பாளரிடம் இருந்தது. குத்தகைக் காலம் முடிந்தபோது, சிறுவன் பெயரில் புதுப்பிக்க நில உரிமையாளர் மறுத்தார். பொறுப்பாளர் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றவில்லை, சிறுவனுக்காகக் கேட்டும் பார்த்தார். இருந்தும் அந்தக் குத்தகை சிறுவனுக்கே என்றார் வழக்கை விசாரித்த கிங் பிரபு. சிறுவனுக்குக் கிடைத்திருக்கவே முடியாத ஒன்றை அவனுக்குக் கொடுத்தது நியாயமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு சொல்லும் செய்தி தெளிவானது. மற்றவருக்காகப் பேசப் போகும் இடத்தில் உனக்காகப் பேசாதே. சொந்த லாபத்துக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தால், மறுப்பு வரும்வரை மட்டுமே முயன்று பார்க்கும் பொறுப்பாளர்கள் பெருகுவார்கள். அந்த ஆசையையே வேரோடு பிடுங்குவதுதான் இந்த விதியின் தடுப்பு வலிமை.

யார் பணத்திலிருந்து?

முதல் பெரிய குறை திவாலில்தான் தெரியும். 1890-இல் லிஸ்டர் - ஸ்டப்ஸ் வழக்கில் ஒரு ஆலை ஊழியர், சரக்கு சப்ளை செய்த நிறுவனத்திடம் ரகசியக் கமிஷன் வாங்கி, நிலத்தில் போட்டார். அந்த நிலம் முதலாளிக்குச் சொந்தமில்லை, கமிஷன் தொகை வெறும் கடனே என்றது இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம். நீதிபதி லிண்ட்லியின் கவலை நியாயமானது. நிலம் முதலாளியுடையது என்றால், ஊழியர் திவாலாகும்போது அவருக்குக் கடன் கொடுத்த மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு முதலாளி அதை எடுத்துப் போவார். நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த இந்தத் தீர்ப்பும், பிறகு வந்த ரீட் தீர்ப்பும் எதிரெதிராக நின்றன.

2014-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் எஃப்எச்ஆர் வழக்கில் இதை முடித்துவைத்தார்கள். மான்டே கார்லோ கிராண்ட் ஹோட்டலை 21 கோடியே 15 லட்சம் யூரோவுக்கு வாங்கியவர்களுக்காகப் பேரம் பேசிய முகவர், விற்றவரிடமிருந்து 1 கோடி யூரோ கமிஷன் பெற்றிருந்தார். அந்தக் கமிஷனும் ஹோட்டலை வாங்கியவர்களுக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. விற்றவர் அந்த 1 கோடியை விலையிலேயே குறைத்திருப்பார் என்பது நம்பக்கூடிய வாதம். அப்படிப் பார்த்தால் அந்தக் கமிஷன், ஹோட்டலை வாங்கியவர்கள் பையிலிருந்துதான் போயிருக்கிறது.

ஆனால் ரீட் வழக்கில் அந்த வாதம் செல்லாது. குற்றவாளிகள் கொடுத்த பணம் ஹாங்காங் அரசின் பணமாக ஒருபோதும் இருந்ததில்லை. அரசு அதை வாங்கவும் முடியாது. ரீட் கையில் அது தங்கக் கூடாது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அவருக்கு நேர்மையாகக் கடன் கொடுத்த ஒரு கடைக்காரரோ, சம்பளம் கிடைக்காத ஒரு பணியாளரோ இருந்தால், அவர்களை அரசு ஏன் முந்த வேண்டும் என்பது வேறு கேள்வி. குற்றம் செய்தவர் சொத்து தன்னுடையது என்று சொல்ல முடியாது என்ற நியாயத்தை, குற்றம் செய்யாத கடன் கொடுத்தவருக்கும் எதிராக நீட்டுவதுதான் இந்தச் சட்டத்தின் பலவீனமான கண்ணி. டெம்பிள்மன் பிரபுவின் பதில், கடன் கொடுத்தவர்கள் குற்றவாளியைவிட மேலான நிலையில் இருக்க முடியாது என்பது. அது லஞ்சப் பணம் அவருடையதே இல்லை என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு சொல்லும் பதில். நிரூபிக்க வேண்டியதை அது நிரூபிக்கவில்லை.

நேர்மையானவரும் சிக்கும் வலை

இரண்டாவது குறை, கண்டிப்பு ஆளைப் பார்க்காதது. 1966-இல் தீர்ப்பான போர்டுமன் - ஃபிப்ஸ் வழக்கில் ஒரு வழக்கறிஞர், தன் கட்சிக்காரரான குடும்ப டிரஸ்டுக்குப் பங்கு இருந்த ஒரு நிறுவனத்தை, சொந்தப் பணம் போட்டுச் சீர்திருத்தினார். டிரஸ்டுக்கும் பெரிய லாபம் கிடைத்தது. அவர் நேர்மையாக நடந்தார் என்பதை நீதிபதிகளே ஏற்றார்கள். ஆனாலும் தன் லாபத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. உழைப்புக்குத் தாராளமான ஊதியம் உண்டு என்று சொல்லி வலியைக் குறைத்தார்கள். லஞ்சக்காரருக்கும் இவருக்கும் ஒரே பரிகாரம் என்பது மனதை உறுத்துகிறது. சூழ்நிலைக்கேற்ப ஊதியம் கொடுக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருப்பதுதான் இங்கே விதியைக் காப்பாற்றுகிறது.

நீதிபதியின் கையா, நிலையான விதியா?

கனடாவும் ஆஸ்திரேலியாவும் கன்ஸ்ட்ரக்டிவ் டிரஸ்டை நீதிபதி தேவைக்கேற்பப் பயன்படுத்தும் கருவியாக வளர்த்தன. இங்கிலாந்து நீதிமன்றங்கள், பொறுப்பு எப்போது எழும் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும், சொத்துரிமையை நீதிபதியின் விருப்பத்துக்கு விட முடியாது என்று பெரும்பாலும் மறுத்துவந்தன. இரு பக்கமும் உண்மை இருக்கிறது. கனடாவின் வழி, சட்டம் கண்ணெடுத்துப் பார்க்காதவர்களைப் பார்த்தது. ரோசா பெக்கர் என்ற பெண் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஒரு மனிதருடன் வாழ்ந்து, தேனீ வளர்ப்புத் தொழிலில் கூடவே உழைத்தார். நிலம் அவர் பெயரில் இல்லை; திருமணமும் இல்லை. 1980-இல் கனடா உச்ச நீதிமன்றம் சொத்தில் பாதி அவருடையது என்றது. பெண்களின் வீட்டு உழைப்பும் தொழில் உழைப்பும் சொத்துரிமையாக மதிக்கப்பட்ட மைல்கல் தீர்ப்பு அது. ஆனால் அந்தப் பாதி அவர் கைக்கு வரவில்லை. எதிர்த்தரப்பு இழுத்தடித்தது, மீண்டதையும் வழக்குச் செலவு விழுங்கியது. சட்ட அமைப்பின் மீதான எதிர்ப்பை எழுதிவைத்துவிட்டு 1986-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பரிகாரத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நிறைவேற்றும் வழி இல்லையென்றால் அது ஏட்டோடு நின்றுவிடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

1882-இல் எழுதியதும் 1988-இல் அழித்ததும்

நம் நாட்டில் இது நீதிபதி மனதில் மட்டும் இருந்த கொள்கை அல்ல. 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இதைப் பிரிவு பிரிவாக எழுதிவைத்தது. பொறுப்பாளர், முகவர், பங்குதாரர், நிறுவன இயக்குநர், சட்ட ஆலோசகர் ஆகியோர் தம் நிலையைப் பயன்படுத்தி அடைந்த லாபம் உரியவருக்கே என்கிறது 88-ஆம் பிரிவு. 90-ஆம் பிரிவுக்கு அந்தச் சட்டமே தரும் உதாரணம் நம் கிராமத்திலிருந்து எடுத்தது போலவே இருக்கும். நிலத்தை அடமானம் வாங்கி அனுபவிப்பவர், வேண்டுமென்றே தீர்வையைக் கட்டாமல் விடுகிறார். பாக்கிக்காக நிலம் ஏலத்துக்கு வருகிறது. அவரே ஏலம் எடுத்துவிட்டு, இனி இது என் நிலம் என்கிறார். இல்லை, உன் கடனையும் செலவையும் வாங்கிக்கொள், நிலம் அடமானம் வைத்தவருக்கே என்கிறது சட்டம். 1985-இலும் உச்ச நீதிமன்றம், அடமானம் பிடித்தவர் தம் பெயரில் அரசிடம் பெற்ற நில வழங்கலுக்கு இந்தப் பிரிவைப் பயன்படுத்தி, நிலத்தை உரியவரிடம் சேர்த்தது.

1988-இல் பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டம் வந்தபோது 81, 82, 94 ஆகிய பிரிவுகள் நீக்கப்பட்டன. ஒருவர் பணம் கொடுத்து இன்னொருவர் பெயரில் வாங்குவதைப் பற்றிய 82 போனது புரிகிறது. பினாமியின் கவசம் அதுதான். ஆனால் மற்ற பிரிவுகளுக்குள் அடங்காத எல்லாச் சூழலுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்த 94-ஐயும், சொத்தை எழுதிக் கொடுத்தாலும் அனுபவ உரிமையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லாதவரைக் காத்த 81-ஐயும் சேர்த்து அழித்தது தவறு என்பேன்.

அந்தத் தவறின் அளவை அறிய இலங்கையைப் பார்த்தால் போதும். 1917-ஆம் ஆண்டு டிரஸ்ட் கட்டளைச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு நம் 81-இன் உடன்பிறப்பு. இன்றும் உயிரோடு இருக்கிறது. அவசரக் கடனுக்காகக் காணியை அறுதியாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு அதுதான் பிடிமானம். உறுதியில், அதாவது பத்திரத்தில், விற்பனை என்று இருந்தாலும், நீதிமன்றம் சுற்றுச் சூழலைப் பார்க்கிறது: காட்டிய விலை சந்தை மதிப்பில் எத்தனை பங்கு, உறுதி முடிந்த பிறகும் வீட்டில் குடியிருந்தது யார், வரி கட்டியது யார், நொத்தாரிசுக்கு (நோட்டரிக்கு) செலவு செய்தது யார். விடைகள் எழுதிக் கொடுத்தவர் பக்கம் சாய்ந்தால், வட்டிக்காரர் அந்தக் காணியை அவருக்காகவே வைத்திருக்கிறார். தமிழ்நாட்டிலும் கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரம் வாங்கும் பழக்கம் ஊரறிந்தது. பத்திரம் பெயரளவுக்கே எழுதப்பட்டது என வாய்மொழிச் சாட்சியத்தால் நிரூபிக்க 1981-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அது சாட்சியச் சட்டத்தின் சந்து வழி. 81 நேர்வழியாக இருந்தது.

லஞ்சச் சொத்து பற்றிய சிந்தனையும் இங்கே நின்றுவிடவில்லை. 1996-இல் டெல்லி ஸ்கிப்பர் கட்டுமான நிறுவன வழக்கில் ரீட் தீர்ப்பை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், பொதுப்பதவியைப் பயன்படுத்திச் சேர்த்த சொத்தைப் பறிக்கத் தனிச் சட்டம் தேவை என்றது. லஞ்சம் அல்லாத வேறொரு துறையில், தமிழ்நாடு 1997-இல் நிதி நிறுவன முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வைப்புப் பணத்தில் வாங்கிய சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க அது வழி செய்கிறது. முந்தியவருக்கு முழுசு, பிந்தியவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலைக்கு இது நல்ல மாற்று.

என் முடிவு

இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பரிகாரத்தின் குழப்பம் பெரும்பாலும் தீரும். தவறு செய்தவர் கையில் அந்தச் சொத்து இருக்கலாமா என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் எப்போதும் 'கூடாது'. மூல லஞ்சமும், அது ஈட்டிய லாபமும் அவரிடமிருந்து முழுதாகப் போக வேண்டும். அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்களை உரியவர் முந்தலாமா என்பது இரண்டாம் கேள்வி. சொத்து உரியவர் பையிலிருந்து போயிருந்தால் முந்தலாம். நம் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் பிறருக்காக டிரஸ்டில் வைத்திருக்கும் சொத்தைப் பங்கீட்டிலிருந்து விலக்குவதும் இதே நியாயத்தில்தான். மூன்றாம் ஆள் கொடுத்த லஞ்சம் போல வேறு எங்கிருந்தோ வந்திருந்தால், நேர்மையாகக் கடன் கொடுத்தவர்கள் பங்கு பெற்ற பிறகே உரியவருக்கு வர வேண்டும்.

நாடாளுமன்றம் 81-ஐயும் 94-ஐயும், பினாமிக்கு இடம் கொடுக்காத திருத்தத்தோடு, மீண்டும் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை ஏமாற்றப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: விலைக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் தாள், வரி ரசீது, குடியிருப்புச் சான்று எதையும் தொலைக்காதீர்கள். இந்தப் பரிகாரம் எந்த நாட்டிலும் சூழ்நிலைச் சான்றை வைத்தே நிற்கிறது.