இருநூறு மீட்டர் என்கிற வாக்குறுதி

ஐந்திலக்க விலைக்குக் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச்சுகளை எடைபோடுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது, கண்ணாடி சஃபையரா சாதாரணமா, இருட்டில் முள் எவ்வளவு நேரம் ஒளிர்கிறது, செயின் கையில் எப்படி உட்காருகிறது. எல்லாம் கடை வெளிச்சத்திலேயே பார்த்துவிடக்கூடியவை. புதுச்சேரியின் வடக்கு விளிம்பில் இருக்கும் பிள்ளைச்சாவடிக்கு இந்தப் பட்டியல் போதாது. துறைமுகத்துக்காக 1980களின் இறுதியில் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே போக வேண்டிய மணலை மறித்துவிட்டன. அதன் பிறகு இந்தக் கரை கரைந்துகொண்டே வந்து, கடல் வீடுகளை நெருங்கிவிட்டது. இங்கே ஒரு வாட்ச் கடலுக்குள் இறங்கவே வேண்டியதில்லை. உப்புக்காற்றும் வியர்வையும் மணலும் அதைத் தேடி வரும். இப்படிப்பட்ட ஊரில் மலிவு டைவ் வாட்ச்சின் மதிப்பை அதன் மிஷினோ கண்ணாடியோ தீர்மானிப்பதில்லை. உள்ளே இருக்கும் சில ரப்பர் வளையங்களும், அவற்றை மாற்றிச் சோதித்துத் தரத் தெரிந்த ஆளும்தான் தீர்மானிக்கிறார்கள்.

முதலில் பொருளின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையை உருவாக்கிய ராபர்ட் மாலூபியேவும் குளோத் ரிஃபோவும் கேட்ட தேவைகளுக்கு இசைவாக 1953-இல் வந்தது பிளாங்பானின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ். (புதுச்சேரி அப்போது இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது, கைமாறியது அடுத்த ஆண்டு நவம்பரில்.) ரோலெக்ஸின் சப்மரைனரும் அதே காலத்தது. இன்றைய மலிவு வாட்ச் வரை வந்திருக்கும் அடிப்படைகள் அங்கேயே உருவாகிவிட்டன: கறுப்பு டயல், தடித்த ஒளிரும் முட்கள், சுற்றும் வெளிவளையம். அந்த வளையத்துக்கு பெசல் என்று பெயர். இறங்கும்போது அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், நீருக்கடியில் கழிந்த நிமிடங்களைக் கணக்குப் போடாமலே படித்துக்கொள்ளலாம். இன்றைய பெசல் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். பாறையிலோ படகின் விளிம்பிலோ இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது; ஆகவே தவறு நேர்ந்தால் ஆள் சீக்கிரம் மேலே வருவார். பிழை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட பொறியியல் இது. இதைச் சாமானியர் விலைக்குக் கொண்டுவந்ததில் ஜப்பானியர்களுக்குப் பெரும் பங்குண்டு. சீகோவின் எஸ்கேஎக்ஸ் 007 என்ற மாடல் 1996 முதல் 2019 வரை ஏறத்தாழ மாற்றமின்றி விற்றது. சாவியைக் கையால் சுற்றி முறுக்கேற்ற முடியாத, விநாடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்க முடியாத எளிய மிஷின்தான் அதில் இருந்தது, ஆனால் உறை உண்மையான டைவ் வாட்ச்சின் உறை.

சிக்கல் டயலில் உள்ள எழுத்திலிருந்து தொடங்குகிறது. ‘டைவர்ஸ் 200 மீட்டர்’ என்பதும் ‘வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது ஐஎஸ்ஓ 6425 என்ற தரத்தைக் குறிக்கிறது: குறிப்பிட்ட அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், அதையும் மாதிரிக்கு ஒன்றிரண்டாக எடுக்காமல் ஒவ்வொரு வாட்ச்சிலும் செய்ய வேண்டும்; உப்புநீர், அதிர்ச்சி, காந்தம், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் படிக்க முடிவது என்று தேர்வுகள் நீளும். பின்னது பொதுவான நீர்க்காப்பு வாட்ச்சுகளுக்கான இளகிய தரம். ஓரியன்ட் மேக்கோவின் டயலில் இருப்பது பின்னதுதான். சாவி திருகி மூடுகிற வகையாதலால் நடைமுறையில் அது நன்றாகவே தாங்கும் என்பது வேறு விஷயம். சீகோ 2019-இல் எஸ்கேஎக்ஸை நிறுத்திவிட்டு அதே முகத்தோடு கொண்டுவந்த 5 ஸ்போர்ட்ஸ் வரிசையைத்தான் நான் கடுமையாகக் குறை சொல்வேன். பெசல் அதே, முட்கள் அதே, மிஷின் முன்னதைவிட மேல்; ஆனால் நீர்க்காப்பு 100 மீட்டராகக் குறைந்தது, திருகும் சாவி போய் அழுத்தி மூடும் சாவி வந்தது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, பின்மூடியில் எழுதியேதான் விற்கிறது. ஆனாலும் தோற்றத்தைப் பார்த்து வாங்குகிறவர் முன்னோடியின் பெயருக்குக் காசு கொடுக்கிறார், முன்னோடியின் உறை அவருக்குக் கிடைப்பதில்லை.

‘நூறு மீட்டரே ஏன் போதாது, யார் அவ்வளவு ஆழம் போகிறார்கள்?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பதிலும் பாதி ஆமாம்தான். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் கூடுகிறது. புதுச்சேரியில் ஸ்கூபா பழகி முதல் சான்றிதழ் பெறுகிறவருக்கு வரம்பு 18 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லையே 40. கையை வீசி நீந்தும்போது அழுத்தம் பன்மடங்காகிவிடும், ஆகையால் 100 மீட்டர் வாட்ச் குளிக்கக்கூட ஆகாது என்று பலர் சொல்வது கணக்குக்கு ஒத்துவராது. விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் கூடுதல் அழுத்தம் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம், அவ்வளவுதான். அப்படியிருந்தும் அலை முழங்கால் தொடும் இடத்திலேயே வாட்ச்சுக்குள் நீர் புகுந்த கதைகள் கடற்கரை ஊர்களில் சாதாரணம். காரணம் அழுத்தமாக இருக்க முடியாது. உறையைத்தான் பார்க்க வேண்டும்.

நாலைந்து வருடம் கையிலிருந்த வாட்ச்சின் பின்மூடியைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் வாசர் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் நிமிண்டினால் இழுபடாமல் ஒடியும். மூடியின் திருகு மரைகளில் உப்பும் அழுக்கும் சேர்ந்த சாம்பல் நிறப் பசை. சாவியின் குழலுக்குள் இருக்கும் சின்ன வாசர் இன்னும் மோசம். நேரம் வைக்கச் சாவியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தேய்வது அதுதான். பெசலுக்கு அடியில் மணலும் உப்பும் இறுகி, அது திரும்பவே மறுக்கும், அல்லது கிளிக் சத்தமின்றி வழுக்கும். வெயிலில் சூடேறிய எஃகு திடீரென்று குளிர்ந்த நீரில் படும்போது உள்காற்று சுருங்கி நீரை இழுக்கும் நேரத்தில், காய்ந்துபோன வாசரால் அதைத் தடுக்க முடியாது. ஆகவே டயலில் உள்ள 200 என்பது வாட்ச் ஆலையைவிட்டுப் புறப்பட்ட நாளின் வாக்குமூலம். அதற்குப் பிறகு அந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பது வாசரை மாற்றி, சிலிக்கோன் பூசி, பிரஷர் டெஸ்ட் செய்கிற வேலை.

அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதில்தான் தமிழ்நாட்டின் கைக்கடிகார வரலாறே குறுக்கே நிற்கிறது. சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் ஆலை தொடங்கியதும், ஜனதாவையும் பைலட்டையும் ரஜத் போன்ற ஆட்டோமேட்டிக்குகளையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் சிற்றூர் வரை உருவாயின. 1984-இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. வணிகமாகச் சரியான முடிவு; வாங்குகிறவருக்கும் நல்லதாகவே முடிந்தது. ஆனால் ரிப்பேர் மேசை பேட்டரி மாற்றும் மேசையாகச் சுருங்கியது. எச்எம்டி வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் முடிவெடுத்தபோது பழைய கைகளில் பாதி ஏற்கெனவே ஓய்ந்திருந்தன. மலிவு ஆட்டோமேட்டிக் இந்த வெற்றிடத்துக்குள்தான் வந்து இறங்கியிருக்கிறது. கடைத்தெருவில் பின்மூடியைத் திறக்க ஆள் உண்டு. திறந்து மூடியபின் அழுத்தச் சோதனை செய்யும் கருவி பெரும்பாலான மேசைகளில் கிடையாது.

‘ஆட்டோமேட்டிக் தலைமுறைக்கும் நிற்கும், குவார்ட்ஸ் அப்படியல்ல’ என்ற வாதம் இங்கே ஆட்டம் காண்கிறது. சீகோ குழுமம் பிற நிறுவனங்களுக்கு விற்கும் என்எச்35 போன்ற மிஷின்களை முழுதாகப் பிரித்துத் துடைத்து எண்ணெயிடும் கூலிக்கே பல சமயம் புது மிஷின் வாங்கிவிடலாம். எனவே நிபுணர்கள்கூட மாற்றிவிடத்தான் சொல்வார்கள். அப்படி மாற்றுவதில் தவறில்லை, ஆனால் பரம்பரைச் சொத்து என்ற பேச்சு பிறகு எதற்கு? துல்லியத்திலும் குவார்ட்ஸே முன்னால். 5 ஸ்போர்ட்ஸில் உள்ள 4ஆர்36 மிஷினுக்கு நிறுவனமே அனுமதிக்கும் வரம்பு நாளைக்கு 45 விநாடி முந்துவது முதல் 35 விநாடி பிந்துவது வரை. குவார்ட்ஸில் அது மாதக் கணக்கு. முக்குளிக்கிறவர் உயிரை ஒப்படைப்பதோ டைவ் கம்ப்யூட்டரிடம்; ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அந்தக் கருவி 1980களில் தொடங்கிப் பெசலின் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. கம்ப்யூட்டர் நின்றுபோனால் துணைக்கு ஒரு வாட்ச் இருக்கட்டும் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அந்தத் துணை ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

மிஞ்சுவது விருப்பம். பேட்டரியில்லாமல் கை அசைவில் ஓடும் ஒரு இயந்திரத்தின் மேல் ஆசை வருவது இயல்பு, அதற்குக் காரணம் காட்டத் தேவையுமில்லை. அந்த ஆசையோடு இந்தக் கரையில் வாங்குகிறவர் 5 ஸ்போர்ட்ஸைத் தவிர்த்து, டைவர்ஸ் முத்திரையும் திருகு சாவியும் உள்ள சிட்டிசன் என்ஒய் 0040 போன்றதை எடுக்கலாம். அதன் சாவி எட்டு மணிப் பக்கம் இருப்பதால் புறங்கையில் குத்தாது, இடியும் குறைவு. கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பெசலைச் சுற்றிவிட்டு, ஓரிரு வருடத்துக்கொருமுறை வாசர் மாற்றிச் சோதனைக்கு அனுப்பும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அனுப்ப இடமில்லை, அல்லது மனமில்லை என்றால் அதில் பாதிக்கும் குறைந்த விலைக்கு வரும் 200 மீட்டர் கேசியோ குவார்ட்ஸ்தான் சரி. அதற்கும் வாசர் காயும். அது நின்றுபோனால் நட்டம் சிறிது, பேட்டரி மாற்றுகிற கடை எந்தத் தெருவிலும் உண்டு.