பொய்யிற் பிறந்த மெய்: ஒரு திரைப்படத்தின் நிறையும் குறையும்

போர்க்காலத்தை நிலைக்களனாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் படைகளின் இயக்கத்தையும் வீரரின் சாவையுமே காட்டுவன. 2018ஆம் ஆண்டில் மைக் நியூவெல்லின் நெறியாள்கையில் வெளிவந்த ‘கேர்ண்சி இலக்கிய, உருளைக்கிழங்குத்தோற் பணியாரச் சங்கம்’ என்னும் ஆங்கிலப் படம் அவ்வழிச் செல்லாது, பகைவர் ஆட்சியின்கீழ் நூல் பயின்ற எளிய மனிதர் சிலரின் வாழ்வைப் பொருளாகக் கொள்கின்றது. மேரி ஆன் ஷாபர் தொடங்க, அனி பரோஸ் நிறைவு செய்து, 2008இல் வெளிவந்த நாவலே இதற்கு மூலமாகும்.

ஆங்கிலக் கால்வாயிலே பிரான்சின் கரைக்கு அண்மையிலுள்ள கேர்ண்சித் தீவை ஜேர்மானியர் 1940 யூன் 30ஆம் நாள் கைப்பற்றினர். 1945 மே 9ஆம் நாளே அது விடுதலை பெற்றது. 1944இல் நேசப்படைகள் நோர்மண்டியில் இறங்கியபின் பிரான்சிலிருந்து வந்த உணவும் அற்றுப்போயிற்று. அவ்வாண்டு டிசம்பரிற் செஞ்சிலுவைச் சங்கத்தின் ‘வேகா’ என்னும் கப்பல் வந்த பின்னரே மக்கள் ஓரளவு உயிர்த்தனர்.

படத்தின் தொடக்கம் 1941இல் நிகழ்கின்றது. ஒளித்து வைத்த பன்றியொன்றை வாட்டி உண்டு, ஊரடங்கு வேளை கடந்து வீடு திரும்புவோரைப் படைவீரர் மறிக்கின்றனர். எலிசபெத் என்பாள் அக்கணத்திலே ஒரு வாசகர் சங்கத்தைக் கற்பித்துச் சொல்கிறாள். பொய்யைக் காப்பதற்காக அவர்கள் நூல்களைத் தேடுகின்றனர்; தேடிய நூல்களே பின்னர் அவர்களைக் காக்கின்றன. மாவும் வெண்ணெயுமின்றிச் சமைத்த கிழங்குத்தோற் பணியாரம் நாவிற்கு இனியதன்று. ஆயினும் அதனைப் பகிர்ந்துண்டோர் மனிதராய் வாழ்ந்தனர் என்பதை இயக்குநர் மிகைப்பேச்சின்றி உணர்த்துகின்றார்.

போர் முடிந்தபின், 1946இல், சார்ள்ஸ் லாமின் நூலொன்றில் தன் பெயரைக் கண்டு ஒருவர் எழுதிய கடிதத்தால் ஈர்க்கப்பட்டு, இலண்டன் எழுத்தாளர் ஜூலியற் தீவுக்கு வருகிறாள். சங்கத்தைப்பற்றி எழுத அவள் விழைய, முதியவளான அமேலியா மறுக்கிறாள். படத்தின் உயிர்நிலை இம்மறுப்பேயாகும். பிறர் துயர் எழுதுவோனுக்குரிய பொருளாகுமா? அத்துயரைச் சுமந்தோரின் இசைவின்றி அதனை விற்றல் தகுமா? இறுதியில் ஜூலியற் தான் எழுதியதைச் சங்கத்தாருக்கே அனுப்பிவைக்கும்போது இவ்வினாக்களுக்குத் தக்க விடை கிடைக்கின்றது. பெனலோப் வில்ரனின் அடக்கமான நடிப்பு அமேலியாவின் மௌனத்திற்குப் பொருள் தருகின்றது.

எனினும் குறைகளும் உள. நூல்கள் சங்கத்தாரின் நெஞ்சில் நிகழ்த்திய மாற்றம் போதிய அளவு காட்டப்படவில்லை. பிற்பகுதியைக் காதற்கதை கவர்ந்து கொள்கின்றது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அடிமைத் தொழிலாளச் சிறுவனுக்கு உதவிய எலிசபெத் காட்டிக் கொடுக்கப்பட்டு, ஜேர்மானியச் சிறைமுகாமிற் கொல்லப்படுகிறாள். காட்டிக் கொடுத்த பழி ஊரறிந்த கயவன் ஒருவன்மேற் சுமத்தப்படுகின்றது. வரலாறோ இத்துணை எளிதன்று. 1942 ஏப்பிரிலிற் கேர்ண்சியிலிருந்து அகற்றப்பட்ட யூதப் பெண்கள் மூவர் அவுஷ்விற்சில் மாண்டனர். ஆட்சியாளரின் ஆணைப்படி யூதரைப் பதிவு செய்தோர் தீவின் அலுவலரே. அவர்கள் கயவரல்லர், கடமையைச் செய்வதாக எண்ணிய சாதாரண மனிதர். தீமையை ஒரு கயவனிடம் ஒதுக்கிவைக்கும் கதை, கடமையென்னும் பெயரால் நிகழ்ந்த தீமையை மறைத்துவிடுகின்றது.

பொய்யொன்று மெய்யாகிய கதையை இப்படம் இனிது சொல்கின்றது. இக்கசப்பான மெய்யைச் சொல்லத் தயங்குகின்றது. ஆயினும் அமேலியாவின் மறுப்பை நெஞ்சிற் பதித்த அளவில் இது பார்க்கத்தக்க படமே. பசித்த காலத்திலும் நூல் வேண்டும் என்பதோடு, அந்நூல் யாருடைய துயரால் எழுதப்படுகின்றது என்பதையும் எண்ண வேண்டும் என்று அது கற்பிக்கின்றது.